அலமாரிக் கதவின் உட்புறம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஏழெட்டு வருடங்களாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. பண விஷயத்தை எழுத்தாளரிடம் கேட்பதா என்று தயக்கம் இருந்தது. பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில், ஆள் புழங்காத வீடு ஒரே வருடத்தில் பத்து வருட மூப்பு அடைந்துவிடும் என்று சொல்லியிருந்தீர்கள். அதைப் படித்தபிறகு கேட்கலாம் என்று தோன்றியது.

எனக்கு 36 வயது. மென்பொருள் வேலை. குடியிருக்கும் வீட்டின் கடன் போன வருடம் முடிந்தது. இப்போது இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று திட்டம். விலையில் ஐந்தில் ஒரு பங்கு கையில் இருக்கிறது. மீதிக்கு 20 வருடக் கடன், வட்டி 8 சதவீதம். வாடகையே தவணையைப் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். ஐந்து வருடம் கழித்து அடுத்த வீடு. 46 வயதுக்குள் நான்கு வீடுகள் சேர்ந்துவிட்டால் வேலையை விட்டுவிட்டு வாசிப்பும் பயணமுமாக இருக்கலாம். எக்செல்லில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். வீட்டு விலையில் 5 சதவீதம் ஆண்டு வாடகை, அதை வருடாவருடம் 10 சதவீதம் உயர்த்துவது, வீட்டு விலை ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறுவது என்று வைத்திருக்கிறேன். காணொளிகளில் 15 சதவீத லாபம் என்கிறார்கள். உண்மையில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? அடுக்ககம் நல்லதா, தனி வீடா?

இரண்டு சங்கடங்கள். வீட்டை வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பதே ஒரு சுரண்டல் என்கிறார் நெருங்கிய நண்பர் ஒருவர். என் மனைவிக்கும் இதில் விருப்பமில்லை. "நடுராத்திரி குழாய் உடைஞ்சா யார் போறது?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள். பராமரிப்பு நிறுவனத்திடம் விட்டுவிடலாம் என்றால் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறாள்.

அன்புடன்,
சி.

*

அன்புள்ள சி.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் அம்மாவின் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தோம். அங்கிருந்து நான் கொண்டுவந்தது ஒரே ஒரு பொருள், ஓர் அலமாரியின் ஒற்றைக் கதவு. இப்போது என் மேஜைக்கு எதிரே சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். கதவுக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கேள்வி.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்கிறீர்கள். 2019இல் ஐந்து பொருளியலாளர்கள் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1870 முதல் 2015 வரை, வளர்ந்த நாடுகள் பதினாறில் எந்த முதலீடு என்ன கொடுத்தது என்று கணக்கெடுத்தார்கள். வீடு, விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும், ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சதவீதம் கொடுத்திருக்கிறது என்று சொன்னார்கள். பங்குச்சந்தைக்கு நிகரான வருமானம், ஏற்ற இறக்கமோ அதைவிடக் குறைவு. வீடு விற்பவர்கள் எல்லாரும் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து இன்னோர் ஆய்வு வந்தது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த நான்கு பெரிய கல்லூரிகள் தங்கள் சொத்துக் கணக்குகளைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கின்றன. வீடு, கடை, விளைநிலம் என்று ஒவ்வொன்றுக்கும் வந்தது என்ன, செலவானது என்ன என்று தனித்தனிக் கணக்கு. 1901 முதல் 1983 வரையிலான அந்தப் பேரேடுகளை ஆய்வாளர்கள் கையாலேயே எடுத்துத் தொகுத்தார்கள். செலவும் விலைவாசியும் போகக் குடியிருப்பு வீடுகள் கொடுத்தது ஆண்டுக்கு ஏறக்குறைய 2.3 சதவீதம். விளைநிலம்கூட 4.5 கொடுத்திருக்கிறது. இன்னொன்றும் தெரியவந்தது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் அந்த எண்பது வருடத்தில் வாடகை வருமானம் வளரவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

முதல் ஆய்வு நாடுகளின் புள்ளிவிவரங்களைக் கொண்டு கட்டியது. இரண்டாவது ஆய்வில் இருப்பவை நிஜமாகவே யாரோ ஒருவர் கூரை மாற்றி, சுண்ணாம்பு அடித்து, வராத வாடகையைக் கணக்கில் எழுதிய வீடுகள். எந்த எண்ணை நம்புவது என்று கேட்டால் நான் பேரேட்டுப் பக்கம். நீங்கள் வாங்கப்போவது பதினாறு நாடுகளின் சராசரியை அல்ல, கூரையும் குழாயும் உள்ள ஒரு வீட்டை.

விலை ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறும் என்று போட்டிருக்கிறீர்கள். ஆம்ஸ்டர்டாமில் ஹெரன்ஃக்ராஹ்ட் என்று ஒரு கால்வாய் இருக்கிறது. அதன் கரையிலுள்ள வீடுகள் கைமாறிய விலைகள் 1628 முதல் 1973 வரை தொகுக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஊரிலேயே மதிப்புமிக்க வீடுகள் அவை. விலைவாசியைக் கழித்தால் முந்நூற்று நாற்பத்தைந்து வருடத்தில் அவற்றின் மதிப்பு உயர்ந்தது சுமார் இரண்டு மடங்கு. ஆண்டுக்கு 0.2 சதவீதம். இடையில் பத்துப் பதினைந்து வருடம் கிடுகிடுவென்று ஏறிய காலங்கள் உண்டு, அதே வேகத்தில் சரிந்த காலங்களும் உண்டு. ஏறிய காலத்தில் வாங்கி விற்றவர்தான் காணொளியில் பேசுகிறார்.

அவர் சொல்லும் 15 சதவீதம் பொய் இல்லை. உங்கள் பணம் 20, கடன் 80 என்றால், வீட்டு விலை 3 ஏறினாலே உங்கள் 20க்கு அது 15 சதவீதம். அதே வீடு 10 இறங்கினால் உங்கள் பணத்தில் பாதி போயிற்று. அமெரிக்காவில் 2006க்கும் 2012க்கும் நடுவில் வீட்டு விலை தேசிய அளவிலேயே கால் பங்குக்கு மேல் விழுந்தது. 20 போட்டவர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை, கடன் மட்டும் இருந்தது. இது உங்களுக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தும் உங்கள் அட்டவணையில் விலை ஒரு வருடம்கூட இறங்கவில்லை.

சரி, அட்டவணைக்கு வருவோம். வீட்டு விலை 100 என்று வையுங்கள். ஆண்டு வாடகை 5. வருடத்துக்கு ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று போட்டால் 4.6. பராமரிப்புக்கு வீட்டு விலையில் ஒரு சதவீதம் ஒதுக்குவது பலரும் பின்பற்றும் கைக்கணக்கு. அதைக் கழித்தால் 3.6. வரியும் காப்பீடும் பொதுச் செலவும் போக 3.2 நின்றால் நல்லது. அமெரிக்க முதலீட்டாளர்கள் இன்னும் கறாரானவர்கள். கடன் தவணையைச் சேர்க்காமலே வாடகையில் பாதி செலவுக்குப் போய்விடும் என்றுதான் தொடங்குவார்கள்.

இப்போது தவணை. 80 கடன், 8 சதவீத வட்டி, 20 வருடம். ஆண்டுக்கு நீங்கள் கட்டவேண்டியது 8. முதல் வருடம் அதில் 6.3க்கு மேல் வட்டிக்கே போகும். கையில் வருவது 3.2, கட்டவேண்டியது 8. வருடாவருடம் 4.8ஐ உங்கள் சம்பளத்திலிருந்து போடுகிறீர்கள். ஏறக்குறைய இன்னொரு வாடகை. நீங்களே உங்கள் வீட்டுக்குக் குடிவந்ததுபோல. வாடகை ஏறாமல் இப்படியே போனால் நான்கு வருடத்துக்குச் சற்று மேலான காலத்தில், முதலில் போட்ட 20 அளவுக்கு இன்னொரு 20 கரைந்திருக்கும். ஐந்தாவது வருடம் அடுத்த வீட்டுக்கு என்று நீங்கள் குறித்து வைத்திருக்கும் பணம் அதுதான்.

வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. இருபது வருடம் நிதானமாகக் கட்டி, அறுபதை நெருங்கும்போது கடனில்லாத ஒரு வீடும், விலைவாசியோடு ஒட்டி ஏறும் ஒரு வாடகையும் இருப்பது நல்ல விஷயம். அந்த அளவுக்கு எதிர்பாருங்கள், போதும். 46 வயதில் நான்கு வீடு என்பதை அழித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்திய வரி ஒன்று இருக்கிறது. 'வருடாவருடம் 10 சதவீதம் உயர்த்துவது.' அதை எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! எக்செல்லில் ஒரு கட்டத்தில் எழுதி மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் இருபது வருடத்துக்கும் நிரம்பிவிடுகிறது. பத்து வருடம் 10 சதவீதம் ஏற்றினால் வாடகை 2.6 மடங்கு. கொடுப்பவரின் சம்பளமும் 2.6 மடங்கு ஆகியிருக்குமா? உங்கள் சம்பளம் ஆனதா? வாடகை வருவது வீட்டிலிருந்து இல்லை, சி. ஒரு மனிதரின் மாதச் சம்பளத்திலிருந்து வருகிறது. அந்தச் சம்பளத்தைத் தாண்டி அது ஏற முடியாது. கல்லூரிப் பேரேடுகளில் எண்பது வருடம் வாடகை விலைவாசியை மிஞ்சாமல் இருந்ததை எனக்குப் புரியவைத்தது அதுதான். உங்கள் அட்டவணையில் வாடகை இருக்கிறது, விலை இருக்கிறது, வட்டி இருக்கிறது. குடியிருப்பவர் எங்கே? நானும் ஒருநாள் அவர் இல்லாத அட்டவணை ஒன்றைப் போட்டவன். அதனால்தான் இந்தக் கதவை உங்களுக்குக் காட்டவேண்டும் என்று தோன்றுகிறது.

அப்பா போனபிறகு அம்மா மாடியை வாடகைக்கு விட்டாள். வந்தவர் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். மனைவி, ஒரு பெண் குழந்தை. அதிகம் பேசமாட்டார். மாதம் மூன்றாம் தேதி சாயங்காலம் கீழே வந்து ஒரு பழுப்பு உறையைக் கொடுப்பார். அம்மா பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு உறையைத் திருப்பித் தருவாள். அடுத்த மாதமும் அதே உறை. ஓரம் கிழிந்தபோது உள்பக்கமாகக் காகிதம் ஒட்டிக்கொண்டு வந்தார். ஒன்பது வருடம் குடியிருந்தார்கள். அந்தப் பெண் பால் பற்கள் விழுந்ததும், படியில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னதும், ஒருநாள் பாவாடையிலிருந்து சுடிதாருக்கு மாறியதும் எல்லாம் எங்கள் படிக்கட்டில்தான்.

வாடகையை அம்மா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏற்றுவாள், அதுவும் கொஞ்சமாக. அந்த மாதம் அவரே உறையில் கூட்டி வைத்துக் கொடுத்துவிடுவார். பேச்சே இருக்காது.

எனக்கு அப்போது 29 வயது. வணிகவியல் படித்து, கணக்குத் துறையில் வேலைக்குச் சேர்ந்து, 'சந்தை மதிப்பு' என்ற சொல்லைப் புதிதாகக் கற்றிருந்தேன். பக்கத்துத் தெருவில் இதே அளவு மாடி 20 சதவீதம் அதிகமாகப் போவதைக் கேள்விப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உட்காரவைத்து, ஒன்பது வருடத்தில் எவ்வளவு இழந்திருக்கிறாள் என்று தாளில் போட்டுக் காட்டினேன். அம்மா தாளைப் பார்க்கவில்லை. "அவர் இருக்கறது நமக்கு நல்லதுடா" என்றாள். எப்படி நல்லது, கணக்காகச் சொல் என்றேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "நீ படிச்சவன். உனக்குத் தெரியும்" என்று எழுந்துவிட்டாள்.

நானே மாடியேறிப் போய்ச் சொன்னேன். அவர் கதவருகில் நின்றபடி முழுவதையும் கேட்டார். "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றார். உள்ளே அந்தப் பெண் படித்துக்கொண்டிருந்தது. அது பொதுத்தேர்வு எழுதும் வருடம். அதைக்கூட நான் நினைக்கவில்லை. தேர்வு முடிந்த வாரம் வீட்டைக் காலி செய்தார்கள். கிளம்பும்போது அம்மாவிடம் அந்த உறையைக் கொடுத்தார். உள்ளே சாவி இருந்தது.

மாடி ஐந்து மாதம் காலியாகக் கிடந்தது. பிறகு நான் கேட்ட வாடகைக்கே ஆள் வந்தது. எனக்குப் பெருமை. அடுத்து வந்த மழையில் மாடிக் கூரை ஒழுகத் தொடங்கியது. படுக்கையறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஈரம் ஏறி, காரை பெயர்ந்து, கம்பி துருப்பிடித்து வெளியே தெரிந்தது. கொத்தனார் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் ஒரு முழத்துக்கு இலை அடைத்திருக்கிறது, தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கிவிட்டது என்றார். "இத்தனை வருஷம் யார் எடுத்தாங்க?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். ரிப்பேர்ச் செலவு ஏழு மாத வாடகை. குடியிருந்தவர்கள் கடைசி மூன்று மாத வாடகையைத் தராமல், பதினாலாவது மாதம் கிளம்பிப் போனார்கள். அவர்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒழுகும் வீட்டில் கைக்குழந்தையோடு இருந்தவர்கள்.

வீடு மறுபடி காலியானதும் பெயிண்டரை வரச்சொன்னோம். அவர்தான் சமையலறை அலமாரியைத் திறந்துவிட்டு, "அம்மா, இதுல ஏதோ எழுதியிருக்கு. அடிச்சிடவா?" என்று கூப்பிட்டார்.

கதவின் உட்புறம், மேலிருந்து கீழாகப் பென்சிலில் எழுதியிருந்தது. ஆய்வகப் புட்டிகளில் சீட்டு ஒட்டுகிறவரின் சின்னச் சின்ன எழுத்து. இடதுபக்கம் தேதி. வலதுபக்கம் வேலை. 'தொட்டி கழுவியது.' 'மழைக்குழாய் இலை எடுத்தது.' 'குளியலறைக் குழாய் வாஷர்.' 'மோட்டார் வயர் மாற்றம்.' 'மழைக்குழாய் இலை.' 'தளத்தில் விரிசல், சிமென்ட் பூசியது.' 'தொட்டி மிதவை புதிது.' மொத்தம் 41 வரிகள். மழைக்குழாய் மட்டும் ஒன்பது வருடத்தில் பதினெட்டு முறை, மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. எதற்கும் எங்களிடம் காசு கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் தந்திருப்பேனா, தெரியாது. சொன்னதுகூட இல்லை. குடியிருக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்வது அவருக்குப் பல் துலக்குவதுபோல ஒன்று.

அம்மா விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். கடைசி வரியில் நின்றாள். 'தொட்டி கழுவியது.' அவர்கள் காலி செய்வதற்கு நான்கு நாள் முன்பான தேதி. அவர் குடிக்கப்போகாத தண்ணீர் அது.

"இந்தக் கதவை மட்டும் விட்டுடுப்பா" என்று பெயிண்டரிடம் சொல்லிவிட்டு அம்மா கீழே போனாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அன்று ராத்திரி நான் போட்ட கணக்கை உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். இதைத் தாண்டி உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.

பழைய மாத வாடகையை 1 என்று வையுங்கள். நான் ஏற்றியது 20 சதவீதம். மாதம் 0.2 கூடுதல். ஐந்து மாதம் காலி, அதனால் போனது 5. 0.2 வீதம் அந்த ஐந்தை மீட்க 25 மாதம் வேண்டும். வந்தவர்கள் இருந்ததே 14 மாதம். அதில் வாடகை கொடுத்தது 11 மாதம். கிடைத்த கூடுதல் 2.2. அதற்காக நான் இழந்தது காலி கிடந்த 5, வராத வாடகை 3.6, கூரைக்கு 7. பெயிண்டையும் மறுபடி காலி கிடந்த மாதங்களையும் சேர்க்கவே இல்லை.

என் கதையில் கூரை ஒழுகியது, அது விதிவிலக்கு என்பீர்கள். கூரையை விடுங்கள், உங்கள் 10 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். ஏற்றுகிறீர்கள், குடியிருப்பவர் போகிறார். இரண்டே மாதத்தில் அடுத்தவர் வந்துவிடுகிறார், ஒழுங்காகக் கொடுக்கிறார். இரண்டு மாதம் காலி, மாதம் 0.1 கூடுதல். மீட்க 20 மாதம். தரகருக்கு ஒரு மாத வாடகை, வெள்ளையடிக்க அரை மாத வாடகை போட்டால் இழப்பு 3.5, மீட்க 35 மாதம். நீங்களோ பன்னிரண்டாவது மாதம் மறுபடி 10 ஏற்றப் போகிறீர்கள், அவரும் போகப்போகிறார். முந்தைய இழப்பு மீளும் முன்பே அடுத்த இழப்பு வந்து சேர்ந்துகொள்ளும்.

இன்னும் ஒரு படி. இருப்பவர் 5 சதவீதம் என்றால் முகம் சுளிக்காமல் கொடுப்பார், 10 என்றால் வேறு வீடு தேடுவார் என்று வையுங்கள். நீங்கள் சண்டை போடுவது அந்த நடுவிலுள்ள 5க்கு. மாதம் 0.05. இரண்டு காலி மாதத்தை அதைக்கொண்டு அடைக்க 40 மாதம். மூன்று வருடத்துக்கு மேல்! ஒரு காலி மாதம் என்பது ஆண்டு வாடகையில் 8.3 சதவீதம். வருடத்தில் ஒரு மாதம் காலி விழுந்தால் உங்கள் 10 சதவீத ஏற்றத்தில் பெரும்பகுதி அந்த வருடமே போயிற்று. இதைத் தெரிந்துகொள்ளப் பொருளியல் வேண்டாம். பன்னிரண்டால் வகுக்கத் தெரிந்தால் போதும். வணிகவியலில் பட்டம் வாங்கிய எனக்கு ஒழுகும் கூரைக்குக் கீழே நிற்கும்வரை அது உறைக்கவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கணக்காகச் சொல்லத்தான் வராமல் இருந்தது. அவளைக் கணக்காகச் சொல்லச் சொன்னேனே, அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

எல்லாக் குடித்தனக்காரரும் அவரைப்போல இருப்பார்கள் என்று சொல்லமாட்டேன். இருக்கமாட்டார்கள். அதனால்தான் ஒருவர் கிடைத்தால் அந்த வருடம் சந்தை என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்கிறேன். குடியிருப்பவர் குழாய் மாற்றினால் அந்தக் காசை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்கவேண்டும். நான் ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட மாடியேறி, வீட்டில் ஏதாவது பழுது இருக்கிறதா என்று கேட்டதில்லை. முதல்முறை ஏறியது வாடகை ஏற்றத்தான்.

உங்கள் நண்பரின் சுரண்டல் கேள்வியைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அதைத் தேநீர் மேஜையில் தீர்த்துவிட முடியாது. வீட்டைச் செப்பனிட்டுக் கொடுத்துச் சொன்ன சொல்லைக் காப்பாற்றி வாங்கும் வாடகையை அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒழுகும் வீட்டுக்கு நான் வாங்கிய பதினொரு மாத வாடகையைச் சொல்லலாம். அடுக்ககமா தனி வீடா என்பது நீங்கள் இருக்கும் ஊரையும் நிலத்தையும் பொறுத்தது, என்னைக் கேட்பதில் பயனில்லை. அடுக்ககத்தில் கூரை பொதுச் சொத்து, மாதாமாதம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். தனி வீட்டில் மண் உங்களுடையது, மழைக்குழாயும் உங்களுடையது.

பராமரிப்பு நிறுவனம் என்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வாடகையில் பத்தில் ஒரு பங்கு கேட்டால் உங்கள் 3.2 என்பது 2.7 ஆகும். அதை முதலிலேயே அட்டவணையில் போட்டிருக்க வேண்டும், நீங்கள் போடவில்லை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். குழாய் உடைந்தால் அவர்கள் ஆள் அனுப்புவார்கள். உடையாமல் இருக்க யாரும் அனுப்பமாட்டார்கள். வருடத்துக்கு இரண்டுமுறை கூரையில் ஏறி இலை எடுக்கும் வேலைக்கு ரசீதும் கிடையாது, அழைப்பும் வராது. வீடு தூங்கும்போதும் சம்பாதித்துத் தரும் என்று காணொளிக்காரர்கள் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். எங்கள் மாடியில் யாரோ ஒருவர் விழித்திருந்தார். அதனால் நாங்கள் தூங்கினோம்.

உங்கள் மனைவி எழுந்து போவதில் ஆச்சரியமில்லை. நீங்கள் இத்தனை கட்டங்களில் எழுதாமல் விட்ட ஒன்றை அவர் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். நீங்களோ ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வாயை அடைக்கப் பார்க்கிறீர்கள். என் அம்மாவிடம் நான் தாளை நீட்டியதுபோல. வீடு வாங்குவதற்கு முன் அவரோடு உட்காருங்கள். அட்டவணையை அவர் கையில் கொடுங்கள். பன்னிரண்டு மாதத்தைப் பதினொன்று ஆக்கச் சொல்லுங்கள், 10 சதவீதத்தை அழிக்கச் சொல்லுங்கள், கூரைக்கு ஒரு வரி, மோட்டாருக்கு ஒரு வரி, வெள்ளையடிக்க ஒரு வரி என்று அவரே சேர்க்கட்டும். வீட்டு வேலையில் எது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரும் என்று உங்களைவிட அவருக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகும் 20 வருடம் தாக்குப்பிடிக்க முடியும் என்று இருவருக்கும் தோன்றினால் வாங்குங்கள். ஆறு மாதச் செலவைத் தனியாக வைத்துவிட்டு வாங்குங்கள்.

மாடியில் இருந்த அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. அவள் அப்பா வேலை பார்த்த பள்ளியில் விசாரித்தபோது அவர் ஓய்வுபெற்று ஊர் மாறிவிட்டதாகச் சொன்னார்கள். கதவில் பென்சில் மங்கிக்கொண்டு வருகிறது. மேலே கண்ணாடி போடச் சொல்லி ஒரு தச்சரிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

திருத்திய அட்டவணையை எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.